மாக்கல் அடுப்பு: முதல் குளிர்காலத்தில் செய்யக் கூடாதவை

போன அக்டோபரில் இங்கே அமெரிக்காவில், நாஷுவா நகரத்தில் இருக்கும் ஒரு தம்பி வாட்ஸாப்பில் படம் அனுப்பினார். புத்தம் புதிய மாக்கல் விறகு அடுப்பு, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஹோமகுண்டம் மாதிரி தீ. "எப்படிண்ணா இருக்கு?" என்று கீழே ஒரு வரி.

"எத்தனையாவது தீ?"

"முதல் தீ! இன்னிக்குத்தான் மாட்டிட்டுப் போனாங்க."

உடனே போன் போட்டு, இனி ஒரு கட்டைகூடப் போடாதே என்று கத்தினேன். 14 வருடங்களுக்கு முன் நியூ ஹாம்ப்ஷயருக்குக் குடிவந்த புதிதில் நானும் இதே மாதிரிப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியவன்தான்.

புகை அலாரம் வேண்டும், பக்கத்தில் திரைச்சீலை கூடாது என்பதையெல்லாம் கையேட்டின் முதல் சில பக்கங்களே சொல்லிவிடும். அவை இங்கே வேண்டாம்.

முதல் நாளே முழுத் தீ

நம் ஊர்க் கல்சட்டியும் இந்த அடுப்பும் ஒரே இனக் கல். ஆணியால் லேசாகக் கீறினாலே கோடு விழும். எடைக்கு எடை பார்த்தால் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி அடங்கிய தீயின் கதகதப்பு விடிந்த பிறகும் கல்லில் இருப்பது அதனால்தான்.

ஆனால் புதுக் கல்லுக்குள் ஈரம் இருக்கும். குவாரியிலிருந்து வந்தது, தண்ணீர் விட்டு அறுத்தது, கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தது. இணைப்புகளில் பூசிய சிமென்டும் இன்னும் இறுகியிருக்காது. எடுத்ததும் பெருந்தீ போட்டால் உள்பக்கம் சூடேறி விரியும், வெளிப்பக்கம் ஜில்லென்றே இருக்கும். உள்ளே இருக்கும் ஈரம் வேறு ஆவியாகி முட்டும். பலவீனமான இடம் பார்த்துக் கல் விட்டுக்கொடுக்கும்.

முதல் தீக்குச் சுள்ளி மட்டும் போதும். கல் வெதுவெதுப்பானதும் தீயைத் தானாக அணைய விட்டு, அடுப்பு முழுக்க ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்த தீ கொஞ்சம் பெரிது, அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். எத்தனை முறை, எவ்வளவு சூடு வரை என்பதை உங்கள் அடுப்பின் கையேடு சொல்லும். பெயின்ட் வாசனை வந்தால் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

மாட்டிவிட்டுப் போனவர் என்னிடமும் இதைத்தான் சொன்னார். அன்று ராத்திரி வெளியே மைனஸ் 12. சுள்ளித் தீ போட்டேன். அரை மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் கல் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது சுடக்கூட மாட்டேன் என்கிறதே என்ற ஆத்திரத்தில் மூன்று ஓக் கட்டைகளை வைத்துக் காற்றை முழுசாகத் திறந்துவிட்டேன். பதினொரு மணி வாக்கில் 'டக்' என்று ஒரு சத்தம். தேங்காய் உடைக்கிற சத்தம்.

காலையில் பார்த்தால் அடுப்பின் இடது பக்கக் கல் பலகையின் மேல் மூலையிலிருந்து நடுவரை தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. கல்லிலேயே இயற்கையாக ஓடும் ரேகைகளும் இப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. அடுப்பு எரியும்போது ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கோட்டோரமாக மெதுவாக நகர்த்துங்கள். ரேகையாக இருந்தால் புகை நேராக மேலே போகும். என்னுடையதில் ஓரிடத்தில் புகை வளைந்து கல்லுக்குள் நுழைந்தது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உத்தரவாதம் கிடைக்கவில்லை. கையேட்டைச் சுட்டிக்காட்டினார்கள், தப்பு என்னுடையது. பலகைக்கும் கூலிக்குமாக 600 டாலருக்கு மேல் போனது. பலகை வந்து சேர ஆறு வாரம், அதுவும் நடு ஜனவரியில். இதை அம்மாவிடம் சொன்னபோது ஒரே கேள்வி: "கல்சட்டி வாங்கினா பத்து நாள் வடிகஞ்சி ஊத்திப் பழக்காம அடுப்புல ஏத்துவியாடா?" சின்ன வயதில் அந்த வடிகஞ்சியைத் தினமும் மாற்றியவன் நான்தான். இன்றைக்கும் எரிச்சல் வருவது அந்தக் காசுக்காக அல்ல.

பழகிய கல்லுக்கும் இது பொருந்தும். ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது கல் சில்லிட்டுக் கிடக்கும். அன்றும் சுள்ளியில்தான் தொடங்க வேண்டும்.

காந்த வெப்பமானி

அடுப்பின் சூட்டைக் காட்ட இரும்பு அடுப்பில் ஒட்டிவைக்கும் இது கல்லில் ஒட்டாது. மேலே வைக்கிற வகையை வாங்குங்கள்.

முள்ளைப் பார்த்து விறகு போடுவது

அந்த வெப்பமானி காட்டுவது முக்கால் மணி நேரம் முந்தைய தீயை. முள் ஏறவில்லை என்று கட்டை சேர்த்தால், ஏறத் தொடங்கியபின் எங்கே நிற்கும் என்பது உங்கள் கையில் இல்லை. தீயைப் பார்த்து முடிவெடுங்கள்.

'காய்ந்த விறகு' என்று நம்புவது

செப்டம்பரில் லாரியில் வந்து கொட்டுகிறவர் எல்லோரும் காய்ந்தது என்றுதான் சொல்வார்கள். ஈரமானியை வெளிப்புறத்தில் குத்தினால் அதுவும் ஆமாம் என்று தலையாட்டும். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் முகத்தில் குத்துங்கள். எனக்கு வந்த ஓக்கில் வெளியே 17, உள்ளே 31. வேண்டியது 20 சதவீதத்துக்குக் கீழே. ஓக் பிளந்த பிறகு இரண்டு கோடை காய வேண்டும், ஆஷ் மர விறகு ஒரு வருடத்தில் தயாராகிவிடும். எரியும்போது கட்டையின் நுனியில் நுரை கட்டி உஸ்ஸென்றால் அது ஈரம்தான். அந்தப் புகை குளிர்ந்து புகைபோக்கிக்குள் தார் மாதிரிப் படியும், ஒரு நாள் அதுவே தீப்பிடிக்கும். அடுத்த வருட விறகை இந்த வருடமே வாங்கி அடுக்குங்கள். தார்ப்பாயால் மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களில் காற்று ஓடட்டும்.

சாம்பல்

இரும்பு வாளி, இரும்பு மூடி, வீட்டைவிட்டுத் தள்ளி. உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அட்டைப் பெட்டியில் அள்ளியவரை எனக்குத் தெரியும்.

சமையலறை விசிறி

இங்கே நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இறுக்கி மூடிய வீட்டில் தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறியை முழு வேகத்தில் போட்டால், அது இழுக்கும் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். புகைபோக்கி வழியாகவே வரும், புகையையும் கூட்டிக்கொண்டு. கார்பன் மோனாக்சைடு அலாரம் அலறிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது மிளகாய் கிள்ளிப் போடுவதற்கு முன்னால் சமையலறை ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வைக்கிறோம், வெளியே மைனஸ் 20 ஆனாலும்.