பல் சிகிச்சைக்கு முன் குழந்தைக்குத் தூக்க மருந்தா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

நாலு வயதுக் குழந்தைக்குச் சொத்தைப்பல், நாற்காலியைப் பார்த்தாலே அலறுகிறது, கடைசியில் டாக்டர் "வாய்வழியா ஒரு மருந்து கொடுத்துப் பண்ணிடலாம்" என்கிறார். பெரும்பாலும் அது மிடசோலம் சிரப்பாக இருக்கும். குடித்து அரை மணி நேரத்துக்குள் குழந்தை சொக்கிப்போகும், ஆனால் கூப்பிட்டால் கண் திறக்கும். சில குழந்தைகள் தூங்காமல் இன்னும் அதிகமாக அழுது அடம்பிடிப்பதும் உண்டு, பயந்துவிடாதீர்கள். முறையாகச் செய்தால் நல்ல வழிதான், பெற்றோர் பக்கம் நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

முதலில் பால். "பாவம், பசிக்குமே" என்று காலையில் அரை டம்ளர் பாலோ, காத்திருக்கும்போது ஒரு பிஸ்கட்டோ கொடுத்துவிடுகிறோம். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும், அதற்காகத்தான் வெறும் வயிறு கேட்கிறார்கள். மாட்டுப்பால், பவுடர் பால், இட்லி மாதிரி லேசான சாப்பாடு என்றால் 6 மணி நேரம், தாய்ப்பால் என்றால் 4, வெறும் தண்ணீர் 2. எண்ணெயில் பொரித்ததற்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். பாட்டி தெரியாமல் ஊட்டிவிட்டாரா? அப்படியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வேறொரு நாள் வந்துகொள்ளலாம், மறைப்பதுதான் ஆபத்து.

அடுத்தது, "போகும் வழியிலேயே தூங்கிடட்டும்" என்று மருந்தை வீட்டிலேயே கொடுப்பது. இது வேண்டவே வேண்டாம். கிளினிக்கில், கண்காணிக்க ஆள் இருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். அளவு எடையைப் பொறுத்தது, அதனால் அன்றைக்கே எடை பார்க்கச் சொல்லுங்கள். கசப்பு தாங்காமல் துப்பிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது, "இன்னும் கொஞ்சம் கொடுங்க டாக்டர்" என்று நெருக்காதீர்கள். வீட்டில் இருக்கும் சளி சிரப்பைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, அவற்றில் பலவும் தூக்கம் வரவைப்பவை.

சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். குழந்தை தினமும் குறட்டை விடுமா, டான்சில் பெரிதா, இதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், ஏனென்றால் மயக்கத்தில் மூச்சுப்பாதை இன்னும் குறுகும். சாப்பிடும் மருந்துகளையும் சொல்லுங்கள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் மிடசோலத்தின் வேலையைக் கூட்டி நீட்டிவிடும்.

கேட்கக் கூச்சப்படுவதும் தவறுதான். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறதா, ஆக்சிஜன் இருக்கிறதா, மருந்தை முறிக்கும் ஃப்ளூமசெனில் கையிருப்பில் உண்டா, டாக்டர் பல்லைப் பார்க்கும்போது குழந்தையின் மூச்சை யார் பார்ப்பார்கள்? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

அப்புறம் வீடு திரும்புவது. பைக்கில் முன்னால் உட்கார வைத்தோ நடுவில் நெருக்கியோ கொண்டுபோகாதீர்கள். தூக்கத்தில் தலை தொங்கி மோவாய் நெஞ்சில் இடித்தால் மூச்சே அடைபடலாம். கார் என்றாலும் ஓட்ட ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.

வீட்டில் முதலில் ஒரு வாய் தண்ணீர், வாந்தி இல்லையென்றால் குழைவான சாப்பாடு. ஊசி போட்ட இடம் மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் உதட்டையும் கன்னத்தையும் கடித்துக் குதறாமல் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். அன்று முழுக்க மாடிப்படி, சைக்கிள் வேண்டாம். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு இழுக்கிறது, உதடு நீலமாகிறது என்றால் கிளினிக்குக்கு போன் போட்டுக் காத்திருக்காமல் உடனே 108.