பிரேஸ் அணிந்தபடி கராத்தே பயில்வது எப்படி?

ஸ்கோலியோசிஸ் எனப்படும் முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவுக்காக, உடலைச் சுற்றி மாட்டும் கெட்டியான பிளாஸ்டிக் கவசமான பிரேஸை அணியும் பிள்ளைகள் கராத்தேயைக் கைவிட வேண்டியதில்லை. ஆயினும் எந்த அசைவுகள் கூடும், எவை கூடாது என்று எலும்பு மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டறிந்து, அதைப் பயிற்சியாளரிடமும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

முக்கியமானது நேரக் கணக்கு. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வொன்று, வளரும் பருவத்தில் பிரேஸை அதிக நேரம் அணிந்தவர்களுக்கே அதிகப் பலன் கிட்டியதைக் காட்டியது. அதில் நாளொன்றுக்குக் குறைந்தது 18 மணி நேரம் அணியுமாறு கூறப்பட்டிருந்தது. ஆகவே பயிற்சிக்காகக் கழற்றும் நேரத்தை, குளிக்கும் நேரத்தோடு சேர்த்து, மருத்துவர் அனுமதித்த இடைவெளிக்குள் அடக்க வேண்டும்.

காத்தா எனப்படும், எதிராளியின்றித் தனியே செய்யும் அசைவு வரிசையைப் பழகும்போதும் பிரேஸை அணிந்திருக்கச் சொன்னால், இடுப்பின் வீச்சு குறைவாகவே இருக்கும் என்பதால் உதையைத் தாழ்வாக நிறுத்துங்கள். இடுப்புக்கு மேலே உடலைத் திருகாமல் பாதத்தோடு சேர்த்துத் திரும்புங்கள். குமித்தே எனப்படும், இருவர் எதிரெதிரே மோதும் பயிற்சியில் பிரேஸோடு இறங்கவே கூடாது; அதன் கெட்டியான பிளாஸ்டிக் விளிம்பு எதிரில் நிற்பவரின் விரல்களைக் காயப்படுத்தக்கூடும். தூக்கியெறியும் பிடிகளை, என் கருத்தில், மருத்துவர் வெளிப்படையாகச் சம்மதிக்கும்வரை தள்ளிவைப்பதே நல்லது.

உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியனைச் சுருக்கமின்றி அணியுங்கள். வகுப்பு முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, தோல் நன்றாக உலர்ந்தபின் புதிய பனியனோடு பிரேஸை மாட்டுங்கள். அடுத்த முறை கழற்றும்போது தெரியும் சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறையாவிட்டால், பிரேஸைத் தயாரித்தவரிடம் காட்டி அந்த இடத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.