சிஆர்எம் வாங்கும் முன்: புது ஏஜென்சிக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் இரண்டு தம்பிகள் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். மதுரை காளவாசல் பக்கம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது, கையில் ஏழு கிளையண்ட். "அண்ணே, சிஆர்எம் ஒண்ணு எடுத்துட்டோம், ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க" என்று லேப்டாப்பைத் திருப்பினார்கள். சிஆர்எம் என்றால் வாடிக்கையாளர் விவரத்தையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துக் கையாளும் மென்பொருள். ஒரு வருடப் பணம் கட்டியாகிவிட்டது. ஏழு கிளையண்டின் வாடிக்கையாளர் பட்டியலும் ஒரே கணக்கில் கிடக்கிறது. வாட்ஸ்அப் எண்கள் எல்லாம் மென்பொருள் விற்றவரின் பெயரில் இருக்கின்றன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருடத்துக்கு முன்னால் நான் செய்ததை அப்படியே செய்திருந்தார்கள்.

அன்று அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாஸ்வேர்டைப் பத்திரமாக வையுங்கள், பேக்கப் எடுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

டெமோவைப் பார்த்து முடிவெடுப்பது

டெமோவில் எல்லா மென்பொருளும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் கிளையண்டின் பட்டியலை ஏற்றி ஓட்டிப் பாருங்கள்.

வெளியே வரும் வழியைப் பார்க்காமல் உள்ளே போவது

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

2022-ல் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை எங்கள் கிளையண்ட். கல்யாணப் பட்டுதான் அவர்களுக்கு முக்கிய வியாபாரம். கடை ஐயா நீள நோட்டில் வாடிக்கையாளர் விவரத்தைக் கைப்பட எழுதி வைத்திருந்தார். பேரும் போன் நம்பரும் மட்டும் இல்லை. "செக்கானூரணி. மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு அரக்குப் பட்டு. தம்பிக்குத் தை மாசம் பாக்குறாங்க" என்ற மாதிரி ஒவ்வொரு பெயருக்குக் கீழும் இரண்டு மூன்று வரி இருக்கும். அந்த வரிகளை வைத்துத்தான் அவர் வியாபாரம் பண்ணினார். தை பிறக்கும் முன்னால் போன் போட்டு, "தம்பிக்குப் பொண்ணு அமைஞ்சிருச்சாம்மா?" என்று விசாரிப்பார். அந்தக் குடும்பம் வேறு கடைக்கு எப்படிப் போகும்?

எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் இரண்டு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் ஒரு சிஆர்எம்மில் ஏற்றினார்கள். குடும்ப விவரம் முழுவதும் 'குறிப்பு' என்ற கட்டத்தில் போனது. "இனி நோட்டு வேண்டாமய்யா, எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு" என்று சொன்னது நான்தான். அவர் நம்பினார். நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன.

கடையின் வாட்ஸ்அப் எண்ணையும் அதே மென்பொருளில் இணைத்தோம். கடை கொடுக்கும் மஞ்சப்பையில் வருடக்கணக்காக அச்சாகி வந்த எண் அது.

எட்டு மாதத்தில் கட்டணத்தை ஏற்றினார்கள், சர்வீசும் மந்தமானது. வேறு மென்பொருளுக்குப் போகலாம் என்று பங்குனிக் கடைசியில் முடிவெடுத்து எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினேன். ஒரு சிஎஸ்வி கோப்பு (எக்ஸெல்லில் திறக்கும் எளிய பட்டியல்) வந்தது. அதில் மூன்றே பத்திதான்: பெயர், போன், மெயில். ஜவுளிக்கடையில் யார் மெயில் கொடுப்பார்கள்? அந்தப் பத்தி முழுக்கக் காலி. குறிப்புகள் தனிக் கோப்பாக வந்தன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பெயருக்குப் பதில் மென்பொருள் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் ஏதோ ஒரு எண் இருந்தது. முதல் கோப்பில் அந்த எண் இல்லை. தம்பிக்குப் பெண் பார்க்கும் வீடு எது, வளைகாப்பு வைத்திருக்கும் வீடு எது என்று பொருத்திப் பார்க்க வழியில்லாமல் போனது. கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் மீதமுள்ள மாதங்களுக்குப் பணம் கட்டி, தனிக் கட்டணமும் கொடுத்தால் சேர்த்துத் தருகிறோம் என்று பதில் வந்தது.

வாட்ஸ்அப் கதை அதைவிட மோசம். கைப்பேசி ஆப்பில் ஓடும் எண்ணை ஏபிஐ-க்கு (மென்பொருள் வழியாக வாட்ஸ்அப்பை இயக்கும் இணைப்பு) மாற்ற, ஆப்பில் இருக்கும் கணக்கை அன்று அழித்தே ஆக வேண்டியிருந்தது. ஒரே எண்ணை இரண்டிலும் வைத்துக்கொள்ளும் வசதி பிறகுதான் வந்தது. அப்படி ஏபிஐ-க்குப் போன எண் வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவில் யாருடைய பிசினஸ் கணக்கின் கீழ் பதிவாகிறதோ, சாவி அவர் கையில். இன்னொரு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் முதலில் அந்த எண்ணின் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அணைக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் கணக்கும் விற்றவருடையது, அந்த ஆறு இலக்க ரகசிய எண்ணைப் போட்டதும் அவர்தான். பதிவு செய்த அன்று, "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சார், நாங்களே முடிச்சிடுறோம்" என்றார்கள். வேலை மிச்சம் என்று நான் தலையாட்டினேன்.

மூன்று வாரம் அந்த எண் ஊமையாகக் கிடந்தது. அந்த மூன்று வாரத்துக்குள்தான் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கச் சுற்றுவட்டாரமே மதுரைக்குள் வந்திருக்கும். வைகாசி முகூர்த்தத்துக்குப் பட்டு எடுப்பவர்கள் அந்தச் சாக்கில் கடையையும் பார்த்துவிட்டுப் போவார்கள். மஞ்சப்பையைப் பார்த்து அந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பியவர்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

ஐயா என்னைத் திட்டவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி, "தம்பி, மெசினு உங்களோடது. என் நோட்டுல இருந்தவங்க எங்கப்பா?" என்றுதான் கேட்டார். நான் கைப்பணம் போட்டு அந்தக் கட்டணத்தைக் கட்டி, குறிப்புகளை மீட்டுக் கொடுத்தேன். அந்தத் தீபாவளியோடு அவர் கணக்கை முடித்துக்கொண்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. விற்றவர் யார் என்பதை எழுதப்போவதில்லை. வாங்கும் முன் அரைமணி நேரம் செலவழித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

அந்த அரைமணி நேர வேலை இதுதான். இலவச சோதனைக் காலத்திலேயே பத்துப் பொய் வாடிக்கையாளரை உள்ளே போடுங்கள். பெயரும் குறிப்பும் தமிழில் இருக்கட்டும். இரண்டு பேருக்குப் படம் இணையுங்கள், இரண்டு பேருக்கு அழைப்புப் பதிவு போடுங்கள், ஒருவரை 'இனி மெசேஜ் வேண்டாம்' பட்டியலில் சேருங்கள். பிறகு எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து, அந்தக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பத்துப் பேரைத் திரும்ப எழுப்ப முடிகிறதா என்று பாருங்கள். குறிப்பு பெயரோடு ஒட்டி வருகிறதா? 'வேண்டாம்' என்றவர் பட்டியல் வருகிறதா? அது வராவிட்டால் புது மென்பொருளில் அவர்களுக்கும் மறுபடி விளம்பரம் போகும், அவர்கள் உங்கள் எண்ணை பிளாக் செய்வார்கள், வாட்ஸ்அப்பில் எண்ணின் தரமதிப்பு இறங்கும்.

இன்னொன்று, மெட்டா பிசினஸ் கணக்கு கிளையண்டின் பெயரில், கிளையண்டின் ஜிஎஸ்டி ஆவணத்தை வைத்துத் திறக்கப்பட வேண்டும். நாம் அதில் கூட்டாளியாக அனுமதி வாங்கிக்கொண்டால் போதும். ரகசிய எண்ணைக் கடைக்காரரே போடட்டும். எஸ்எம்எஸ் அனுப்புவதாக இருந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி டிஎல்டி பதிவு (யார், எந்தப் பெயரில் அனுப்புகிறார் என்ற பதிவு) வேண்டும். அந்தப் பதிவும் அனுப்புநர் பெயரும் கடையின் பெயரிலேயே இருக்கட்டும். ஏஜென்சி மாறினாலும் கடைக்கு ஒன்றும் ஆகாது.

இதைப் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் பொறுப்பாளி கடைக்காரர், நாம் அவர் சார்பில் தரவைக் கையாளுபவர்கள். 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. தரவைக் காக்கத் தவறினால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். கிளையண்டை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அவருடைய பட்டியல் எங்கே இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் இருக்கக் கூடாது.

எல்லாக் கிளையண்டையும் ஒரே கணக்கில் போடுவது

'டேக் போட்டுப் பிரிச்சுக்கலாம்ணே' என்பார்கள். ஒத்தக்கடை பக்கம் பிளாட் போட்டு விற்கும் இரண்டு பேர் உங்களிடம் ஒரே நேரத்தில் இருப்பார்கள். ஒரு டேக் (அடையாளக் குறி) மாறினால் ஒருவர் காசு கொட்டி எடுத்த லீட் (வாங்க விசாரித்தவரின் விவரம்) இன்னொருவரின் ஆளுக்குப் போய்விடும். அப்புறம் இரண்டு பேருமே உங்களிடம் இருக்க மாட்டார்கள். கிளையண்டுக்கு ஒரு துணைக்கணக்கு என்று தனித்தனியாகப் பிரித்துத் தருகிற மென்பொருளாகப் பாருங்கள். அது இல்லையென்றால் தனித்தனி கணக்கே திறந்துவிடுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை.

வருடச் சந்தா

முதல் மூன்று மாதம் மாதச் சந்தாவிலேயே இருங்கள். தள்ளுபடி எங்கும் ஓடிப்போகாது.

எக்ஸெல்லில் எண்களைத் தொலைப்பது

பழைய பட்டியலை ஏற்றும்போது நடப்பது இது. 91 சேர்த்த போன் எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம். சாதாரண கட்டத்தில் போட்டால் எக்ஸெல் அதைச் சுருக்கி, 9.19843 என்று எழுதி, பக்கத்தில் ஒரு ஆங்கில எழுத்தும் கூட்டல் 11-ம் போட்டுக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிந்ததுதான் கோப்பில் போகும். மறுபடி திறந்தால் கடைசி ஆறு இலக்கமும் பூஜ்யம். ஒரு பள்ளியின் சேர்க்கைப் பட்டியல் இப்படி வந்ததைப் பார்த்திருக்கிறேன், ஒரே எண் நூற்றுக்கணக்கான பெற்றோர் பெயருக்கு எதிரே இருந்தது. எண் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று இருக்கும் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். மூல கோப்பை அழிக்காதீர்கள். நோட்டாக இருந்தாலும் சரி.

விலைப்பட்டியலில் முதல் எண்ணை மட்டும் பார்ப்பது

ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள் உண்டு, தொடர்புக்கு இவ்வளவு என்பவர்கள் உண்டு, மெசேஜுக்கு இவ்வளவு என்பவர்களும் உண்டு. பன்னிரண்டு விற்பனைப் பையன்கள் இருக்கும் ஷோரூமுக்கு முதல் வகை கட்டாது. மெயில் அனுப்பும் மென்பொருளான மெயில்சிம்ப்பில் சந்தாவை விட்டு விலகியவரும், ஆர்க்கைவ் செய்து ஒதுக்கி வைக்கும் வரை, எண்ணிக்கையில் இருப்பார். அவருக்கு மெயில் போகாது, பணம் மட்டும் நம்மிடமிருந்து போகும். வாட்ஸ்அப்பில் டெம்ப்ளேட் மெசேஜுக்கு (முன்கூட்டியே அனுமதி வாங்கிய வாசகம்) 2025 ஜூலை முதல் மெசேஜ் கணக்கில்தான் கட்டணம். விளம்பர வகைக்கு விலை கூடுதல். அந்தக் கட்டணத்தின் மேல் மென்பொருள்காரர் எவ்வளவு வைக்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள்.

டாலரில் வாங்கினால் கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி, ஜிஎஸ்டி 18 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜில் நாமே கட்டுவது தனி. ஹைலெவல் மாதிரி ஏஜென்சிக்கென்றே வந்த மென்பொருளில் மாதம் 297 டாலர் திட்டம் எடுத்தால் அது 15,000 ரூபாயைத் தாண்டிவிடும். அந்தத் தொகைக்கு மேல் தானாகக் கழியும் சந்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நள்ளிரவில் வரும் ஓடிபியை யார் பார்ப்பார்கள்? விடிந்தால் எல்லாக் கிளையண்டின் ஆட்டோமேஷனும் நின்றிருக்கும்.

புது ஏஜென்சி, மூன்று பேருக்குள் இருக்கிறீர்கள் என்றால் சோகோ சிஆர்எம்மின் இலவசத் திட்டமே உங்கள் சொந்த லீட்களுக்குப் போதும். பிறகு பணம் கட்டினாலும் ரூபாயில் ஜிஎஸ்டி பில் வரும், வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் எஸ்எம்எஸ்ஸின் நீளம்

ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70. நீண்டு இரண்டு மூன்றாகப் பிரிந்தால் துண்டுக்கு 67தான். அதிலும் 'கொண்டாட்டம்' என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்கில் பதினொன்று. புள்ளிக்கும் காலுக்கும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். அனுப்பும் முன்னால் எத்தனை துண்டு என்று காட்டாத மென்பொருள் வேண்டாம்.

கள்ள மென்பொருள்

ஸ்கேன் செய்தால் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் வாட்ஸ்அப் போகும் என்று பென்டிரைவில் விற்பதைத் தொடாதீர்கள். எண் முடங்கும்.

நிரப்பப்போவது யார் என்று கேட்காமல் வாங்குவது

ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் பார்க்கப் போனபோது வரவேற்பில் இருந்த அக்கா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவர், இடது கையில் டோக்கன் கட்டு, வலது கையில் பேனா. போன் வந்தால் பேரையும் ஊரையும் காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்குகிறார். ஏற்கெனவே இருந்த மென்பொருளில் ஒரு விசாரணையைப் பதிய இருபத்துமூன்று கட்டம், அத்தனையும் ஆங்கிலம், அதில் பாதி கட்டாயம். "சாயங்காலம் மொத்தமா ஏத்திருவேன் சார்" என்றார். சாயங்காலம் பாதித் தாள்தான் மிஞ்சியிருந்தது.

நிர்வாகத்திடம் பேசி, பெயர், போன், எந்த டாக்டர், என்ன கேட்டார் என்று நாலே கட்டத்தைத் தமிழில் வைத்துக் கொடுத்தோம். கைப்பேசியிலிருந்தே பதியலாம், மீதியைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். கட்டங்களின் பெயரை மாற்றவும் கட்டாயத்தை நீக்கவும் விடுகிற மென்பொருளா என்பதைத்தான் அங்கே முதலில் பார்த்தேன். இரண்டாம் வாரம் போனபோது காலண்டர் தாள்கள் கிழிபடாமல் சுவரிலேயே இருந்தன.

காளவாசல் தம்பிகளிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன். மறுநாள் ராத்திரி போன் வந்தது: "அண்ணே, பத்துப் பேரைப் போட்டு எடுத்துப் பாத்தோம். குறிப்பு வரல." ஏழு எண்ணில் இரண்டைக் கிளையண்ட் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். மற்ற ஐந்துக்கும் ரகசிய எண்ணைக் கேட்டு விற்றவருக்கு மெயில் போட்டிருக்கிறார்கள்.