அங்கன்வாடிக்காகக் குரல் கொடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஊரில் பால்வாடி சரியில்லை என்ற பேச்சு கிளம்பினால் முதல் புகார் டீச்சர் மேல்தான் போகும். "எப்பப் பார்த்தாலும் நோட்டு எழுதிக்கிட்டே இருக்காங்க, பிள்ளைங்களைக் கவனிக்கிறதே இல்லை" என்பார்கள். குழந்தைகளுக்காக ஒன்றுசேரும் பெற்றோர் செய்கிற பெரிய தவறு இதுதான்.

உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கிற ஒரு மையத்துக்குக் காலை பத்து மணி வாக்கில் போய்ப் பாருங்கள். அடுப்பில் சோறு கொதிக்கிறது. சத்துமாவு வாங்க வந்த கர்ப்பிணி வாசலில் நிற்கிறார். மூன்று வயதுப் பையன் ஒருவன் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டப் பார்க்கிறான். டீச்சர் ஒரு கையால் அவனைப் பிடித்திருக்கிறார், இன்னொரு கையில் போன். அன்றைய வருகையை அரசின் ஊட்டச்சத்துப் பதிவுச் செயலியான போஷன் டிராக்கரில் ஏற்ற வேண்டும், நெட்வொர்க்கோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. எடை, உயரம் அளந்து பதிய வேண்டிய நாட்களும் உண்டு. வாக்காளர் பட்டியல் வேலையும் இவர்களில் பலர் தலையில்தான் விழுகிறது. இத்தனைக்கும் நடுவில்தான் கதையும் பாட்டும்.

இவர் மேல் புகார் எழுதினால் என்ன நடக்கும்? மெமோ வரும், மிஞ்சிப்போனால் இடமாறுதல். காலியிடம் காலியாகவே கிடக்கும், அடுத்து வருகிறவரும் இதே அடுப்புக்கும் போனுக்கும் நடுவில்தான் நிற்பார். அதனால் ஆளைப் பற்றி எழுதாமல் பணியிடத்தைப் பற்றி எழுதுங்கள். உதவியாளர் இடம் எந்த மாதத்திலிருந்து காலி, இப்போது எத்தனை குழந்தைகள் வருகிறார்கள், சமையலும் கற்பித்தலும் ஒரே ஆள் பொறுப்பில் இருப்பதால் பிள்ளைகளுக்கு எது கிடைக்காமல் போகிறது என்று எழுத வேண்டும். குழந்தையை அடித்தது, உணவுப் பொருளைக் கடத்தியது போன்றவை வேறு கணக்கு. அவற்றில் தயக்கமே கூடாது. குழந்தைக்குத் தீங்கு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்துவிடுங்கள்.

இதையொட்டி இன்னொரு தவறும் நடக்கிறது. "சம்பளப் பிரச்சினை அவங்க சங்கம் பார்த்துக்கும், நமக்கு எதுக்கு?" என்று ஒதுங்கிவிடுவது. அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஆன பிறகும் இவர்களுக்கு மத்திய அரசு தருவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம்தான். 2018 அக்டோபரில் அது பணியாளருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அதற்கு மேல் கிடைப்பது அந்தந்த மாநிலத்தின் கையில். தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் இருக்கிறது, நிலைமை கொஞ்சம் மேல். 2022 ஏப்ரல் 25-இல் உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. இது பகுதிநேர வேலை என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை நம் பிள்ளை பகலெல்லாம் இருப்பது இவரோடுதான். அவர் களைத்துப்போய், கடன் கவலையோடு நின்றால் அது பிள்ளையின் நாளையும் பாதிக்கும். பெற்றோர் மனுவில் ஊழியரின் ஊதியக் கோரிக்கைக்கு ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம், மனு எழுதுகிற விதம். "எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு அனைத்து வசதிகளும் செய்து தர வேண்டுகிறோம்" என்று எழுதினால் அது கோப்புக்குள் போய்த் தூங்கிவிடும். பணியிடம், உணவு, எடை பார்க்கும் கருவி என்றால் மனு போக வேண்டியது வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு. கிராமத்தில் கூரை ஒழுகுகிறது, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்றால் பெரும்பாலும் ஊராட்சிக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும். ஒரு மனுவில் ஒரு குறை போதும், படத்தோடும் தேதியோடும். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

கிராம சபையைப் பலர் மறந்தே போகிறார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு வாய்ப்பு. அங்கே வாயால் சொல்லிவிட்டு வந்தால் போதாது, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும். மையமே இல்லாத குடியிருப்பு என்றால் 2006 டிசம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்ற உத்தரவைச் சுட்டிக்காட்டுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 40 பேராவது இருந்தால், கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்கிறது அது.

எதைக் கேட்பது என்பதிலும் சறுக்கல் உண்டு. பக்கத்துத் தனியார் பள்ளியில் ஏ பி சி டி எழுத வைக்கிறார்கள், இங்கே விளையாட்டுத்தான் என்று குறைப்படுகிறோம். மூன்று வயது விரலுக்கு இன்னும் பென்சில் பிடிக்கிற பலம் வரவில்லை. களிமண் உருட்டுவதும் மணி கோப்பதும்தான் அந்த விரலுக்கான பாடம். நோட்டுப் புத்தகம் கேட்டு மனு போடுவதற்குப் பதில் கட்டைகள், படப் புத்தகங்கள், நிழலான விளையாட்டு இடம் கேளுங்கள். யாராவது டிவி வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் வேலை முடிந்தது என்றும் இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மனுவில் டீச்சரையோ ஆயம்மாவையோ கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள், முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். மேலிடத்துக் கோபம் முதலில் அவர்கள் மேல்தான் திரும்பும். ஆனால் அனுப்பும் முன் அவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். எந்தப் பொருள் எப்போது வந்தது, எது வரவே இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். கையெழுத்தைப் பெற்றோர் போடட்டும், பிள்ளையை இப்போது அங்கே அனுப்பாதவர்களும் சேர்ந்து போடட்டும். ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் அதை வாசியுங்கள்.