சிங்கிள் மோட் ஃபைபருக்குள் லேசரைச் செலுத்துவது எப்படி

ஃபோட்டானிக்ஸ் ஆய்வகத்தில் சேர்ந்ததும் என்னிடம் தந்த முதல் வேலை இது. மேசையில் ஓடும் 1550 நானோமீட்டர் அலைநீள லேசரை சிங்கிள் மோட் ஃபைபருக்குள், அதாவது ஒளியை ஒரே ஒரு வடிவில் மட்டும் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழைக்குள், அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஃபைபரில் ஒளி போகும் மையம் சுமார் 8 மைக்ரான்தான். லேசர் கற்றை சரியான இடத்தில் விழுவதோடு சரியான கோணத்திலும் விழ வேண்டும்.

ஒன்பதில் ஆறு நாளைத் தின்றது தூசி. லேசரைச் சந்தேகித்தேன், கற்றையைத் திருப்பி ஃபைபருக்கு அனுப்பும் இரண்டு மிரர்களைச் சந்தேகித்தேன், ஃபைபர் முனையில் இருக்கும் கனெக்டரை மட்டும் பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன்: லேசரை அணைத்துவிட்டு, ஃபைபர் முனையை முதலில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். துடையுங்கள், மறுபடி பாருங்கள். புதிதாகப் பிரித்த ஃபைபரானாலும் இதேதான். பச்சை நிறக் கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அதை நீல நிறக் கனெக்டரோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

1550 கண்ணுக்குத் தெரியாது. அந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடியைப் போடுங்கள், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றுங்கள், பவரை 1 மில்லிவாட் அளவுக்குக் குறையுங்கள். கற்றை ஓடும் உயரத்துக்குக் குனியவே கூடாது.

சரி, இப்போது ஃபைபரின் மறுமுனையில் சிவப்பு ஒளிப் பேனாவைச் செருகுங்கள். சிவப்பு ஒளி, ஃபைபர் வாயில் இருக்கும் கொலிமேட்டர் என்ற லென்ஸ் வழியாக வெளியேறி, லேசர் வரவேண்டிய பாதையில் எதிர்த்திசையில் போகும். லேசர் பக்கம் இருப்பது முதல் மிரர், ஃபைபர் பக்கம் இருப்பது இரண்டாவது. கண்ணுக்குத் தெரியாத லேசரைப் புள்ளியாகக் காட்டும் அகச்சிவப்பு அட்டையை வைத்துப் பார்த்து, இரண்டாவது மிரரின் மேல் சிவப்புப் புள்ளியும் லேசர் புள்ளியும் ஒன்றுசேர முதல் மிரரைத் திருப்புங்கள். கொலிமேட்டர் வாயில் ஒன்றுசேர இரண்டாவதைத் திருப்புங்கள். நாலைந்து முறை மாற்றி மாற்றிச் செய்தால் போதும். பேனாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பவர் மீட்டரை மாட்டினால் சில நானோவாட்டாவது தெரியும். அந்த எண்ணைப் பார்த்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்புறம்தான் பொறுமை. ஒவ்வொரு மிரரிலும் கிடை, செங்குத்து என இரண்டு திருகுகள். நான்கையும் திருப்பிப் பவர் உச்சத்துக்கு வந்ததும் நின்றுவிடாதீர்கள், அது பொய் உச்சமாக இருக்கலாம். முதல் மிரரின் கிடைத்திருகை இலேசாகத் திருப்பிப் பவரை வேண்டுமென்றே குறையுங்கள். இரண்டாவதன் கிடைத்திருகால் மீட்டெடுங்கள். புதிய உச்சம் முன்பைவிட அதிகமா? அதே திசையில் தொடருங்கள். குறைவா? எதிர்த்திசை. பிறகு செங்குத்துத் திருகுகளுக்கும் இப்படியே. ஒரு நேரத்தில் ஒரு ஜோடியை மட்டும் தொடுங்கள். நான்கையும் கலந்து திருப்பினால் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும்.

உள்ளே அனுப்பும் பவரில் நூறு சதவீதமும் மறுமுனையில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பூச்சு இல்லாத ஒவ்வொரு ஃபைபர் முனையும் 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். 70 வந்தால் நல்ல வேலை. எவ்வளவு திருப்பியும் 40-ஐத் தாண்டவில்லையென்றால் திருகுகளை விடுங்கள். கற்றையின் அகலமோ வடிவமோ ஃபைபருக்குப் பொருந்தவில்லை, லென்ஸை மாற்ற வேண்டும்.

உள்ளே போன பவர், வெளியே வந்த பவர், தேதி, நேரம் நான்கையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை எதையும் தொடாமல் திரும்ப அளந்து பாருங்கள். எண் விழுந்திருந்தால், மிரரையோ ஃபைபரையோ பிடித்திருக்கும் மவுண்ட் எங்கோ சரியாக இறுகவில்லை. அதை இறுக்கிய பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.