வானொலி நண்பரின் இறுதிச் சடங்கிற்குப் பனிக்காலத்தில் வடக்கே செல்வோருக்கு

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலைகளில் பேசிப் பழகும் அமெச்சூர் வானொலியில் ஈடுபட்டிருக்கும் எவருக்கும், முகம் பார்த்தறியாமலே பல ஆண்டுகள் பழகிய நண்பர்கள் சிலராவது இருப்பார்கள். காலையில் 80 மீற்றர் அலைவரிசையைத் திறந்ததும் அவர்களுடைய குரல் கேட்கும். மோர்ஸ் தட்டும் விதத்தை வைத்தே, அழைப்புக்குறி (உரிமத்துடன் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் எழுத்தும் எண்ணும்) வருவதற்கு முன்னரே, இன்னார் என்று தெரிந்துவிடும். அவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார் என்ற செய்தி ஜனவரி மாதத்தில் வந்து, அவருடைய ஊரும் ஒன்ராறியோவின் வடபகுதியிலுள்ள சட்பெரியாகவோ நோர்த் பேயாகவோ இருந்துவிட்டால், ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ் ஹாம்கள் (அமெச்சூர் வானொலியாளர்கள்) இவ்வளவு தூரம் இந்தப் பனியில் போகத்தான் வேண்டுமா என்று தயங்குவது இயல்பே. பாதை திறந்திருந்தால் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் எத்தனை மணித்தியாலங்களை நிலவறையில் வானொலிப் பெட்டியின் முன் கழித்தார் என்பது அவருடைய குடும்பத்திற்குத் தெரியும். அந்த மணித்தியாலங்களில் அவர் யாருக்கு எத்தகைய நண்பராக இருந்தார் என்பது பெரும்பாலும் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அவரோடு பேசியவர்கள் மட்டுமே. இங்கே சொல்லப்படும் ஆயத்தங்கள் யாவும், நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து அதைச் சொல்வதற்காகவே.

ரொறன்ரோ–சட்பெரிப் பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதுகிறேன். இன்னும் வடக்கே உள்ள ரிமின்ஸ் செல்பவர்கள் இதற்கு மேல் ஏறக்குறைய 300 கிலோமீற்றரைக் கூட்டிக்கொள்ளவேண்டும்.

செய்தி கிடைத்ததும்

ஒரு ஹாம் இறந்தால் அவரைச் 'சைலன்ற் கீ' (ஓய்ந்துபோன மோர்ஸ் விசை) என்று குறிப்பிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். செய்தி நெற்றில் (ஹாம்கள் பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் அமர்வில்) சொல்லப்பட்ட சில நிமிடங்களில் மாகாணம் முழுவதும் பரவிவிடும். ஆயினும் குடும்பத்தினர் தாமாக அறிவிப்பதற்கு முன்னர் நீங்கள் அதை வேறெங்கும் சொல்லாதீர்கள். மரணச்சேவை நிலையத்தின் இணையத்தளத்தில் அறிவித்தல் வெளிவரும் வரை காத்திருந்து, வந்ததும் அதை முழுமையாக வாசியுங்கள். பார்வைக்கு வைக்கப்படும் நேரம், ஆராதனை நடக்கும் தேவாலயம், மலர்களுக்குப் பதிலாக எந்த நிறுவனத்திற்கு நன்கொடை அளிக்கலாம், நேரலை உண்டா என்பன பெரும்பாலும் அதில் இருக்கும். சட்பெரியில் பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் பல வாழ்வதால் அறிவித்தலும் ஆராதனையும் பிரெஞ்சிலேயே அமையக்கூடும்.

நம் ஊரில் செய்தி கேட்டவுடன் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்படுவோம். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்ற பதற்றம் நம் இரத்தத்தில் ஊறியது. கனடாவில் இறந்த நாளுக்கும் சடங்கிற்கும் இடையே சில நாட்கள், சிலவேளை ஒரு வாரத்திற்கு மேலும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, சடங்கிற்கு முந்தைய நாளே போய்ச் சேரும்படி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதானால் இதையே பின்பற்றுங்கள் என்பேன். காலை 11 மணி ஆராதனைக்கு அதிகாலை 5 மணிக்கு ரொறன்ரோவிலிருந்து புறப்படுபவர், பாதை மோசமாகும்போது வேகத்தைக் குறைக்க மனமில்லாமல் ஓட்டுவார். முந்தைய நாள் புறப்பட்டவருக்கு வழியில் நின்று காத்திருக்க நேரம் இருக்கும். பார்வைக்கு வைத்தலும் பல குடும்பங்களில் முந்தைய மாலையிலேயே நடப்பதால், கூட்டம் குறைந்த வேளையில் குடும்பத்தாருடன் ஆறுதலாகப் பேசவும் முடியும்.

பாதை

சட்பெரி ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. கோடையில் நான்கு, நான்கரை மணித்தியாலங்களில் செல்லும் தூரத்திற்கு ஜனவரியில் ஏழு மணித்தியாலங்களை ஒதுக்குங்கள். நெடுஞ்சாலை 400 வழியாக வடக்கே சென்றால் பரி சவுண்டைத் தாண்டியபின் அது நெடுஞ்சாலை 69 ஆகிறது. அதில் சில பகுதிகள் இன்னமும் நடுப்பிரிப்பு இல்லாத இருவழிப் பாதைதான். எதிரே வரும் பாரவூர்தி கிளப்பும் பனித்தூள் சில நொடிகளுக்குக் கண்ணாடியை முற்றாக மறைத்துவிடும். அவ்வேளையில் பிரேக்கைத் திடீரென அழுத்தாமல், வேகத்தை மெல்லக் குறைத்து, பாதையின் வலது ஓரக்கோட்டை நோக்கியபடி வாகனத்தை நேராக வைத்திருங்கள்.

ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள பரி (Barrie) நகரிலிருந்து பரி சவுண்ட் (Parry Sound) வரையான பகுதி ஜோர்ஜியன் விரிகுடாவின் பனிப்பட்டியில் இருக்கிறது. உறையாத ஏரிநீரின் மேலாக வரும் கடுங்குளிர்க் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு கரைக்கு வந்து பனியாகக் கொட்டுகிறது. இந்தப் பனிப்பொழிவு ஒடுங்கிய பட்டைகளாக வருவதால், நீலவானத்தின் கீழ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பத்தாவது கிலோமீற்றரில் எதுவும் தெரியாமல் போகலாம். ஆகவே ரொறன்ரோ வானத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்; பரி, பரி சவுண்ட், சட்பெரி ஆகிய மூன்று இடங்களுக்கும் கனடா சுற்றுச்சூழல் திணைக்களம் விடுத்திருக்கும் எச்சரிக்கைகளைத் தனித்தனியே பாருங்கள். பாதை மூடப்பட்டிருக்கிறதா, மூடுபனி உண்டா, தரை வெறுமையாக உள்ளதா என்பவற்றை ஒன்ராறியோ 511 சேவை காட்டும்.

ஒன்ராறியோவில் குளிர்கால ரயர்கள் சட்டப்படி கட்டாயமல்ல. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். சட்டம் எதுவாயினும், எல்லாப் பருவத்திற்குமான ரயரின் இறப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும் என்பதையும், சட்பெரியின் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மறை 20 பாகைக்கும் கீழே இறங்குவது வழமை என்பதையும் எண்ணிப் பார்த்தால், மலையும் பனிச்செதிலும் கொண்ட சின்னம் பொறித்த குளிர்கால ரயர்கள் இல்லாத வாகனத்தில் இந்தப் பயணத்தைத் தொடங்கக்கூடாது என்பது விளங்கும். அப்படிப்பட்ட வாகனம் இல்லாதவர்களுக்கு ஒன்ராறியோ நோர்த்லண்ட் பேருந்து ஒரு நல்ல வழி, விமானமும் உண்டு. நெடுந்தூர ரயிலான 'கனடியன்' சட்பெரி சந்தியில் நிற்குமாயினும், அது சரக்கு ரயில்களுக்கு வழிவிட்டு வெகுவாகத் தாமதமாவது வழக்கம் என்பதால் சடங்கிற்கு அதை நம்பிச் செல்லாதீர்கள்.

புறப்படுமுன் மறை 40 பாகை வரை உறையாத கண்ணாடி கழுவும் திரவத்தை நிரப்புங்கள். எரிபொருள் தாங்கி பாதிக்குக் கீழே இறங்கவே விடாதீர்கள். கம்பளி, சிறிய பனிவாரி, ஒரு பை மணல், பற்றரி இணைப்புக் கம்பி, உணவு, சுடுநீர்க் குடுவை ஆகியவை வாகனத்தில் இருக்கட்டும். நீல விளக்குகள் மின்ன முன்னே செல்லும் பனி அகற்றும் வாகனத்தை முந்தாதீர்கள். அதன் பின்னால் இருக்கும் பாதையே அப்போது மாகாணத்தில் மிகச் சிறந்த பாதை. பனியில் சிக்கிக்கொண்டால் வாகனத்தை விட்டு நடந்து போகவேண்டாம். புகைபோக்கியை அடைத்திருக்கும் பனியை அகற்றிய பின்னரே இயந்திரத்தை இயக்கி, யன்னலைச் சற்றே திறந்து வைத்து, மணித்தியாலத்திற்குப் பத்து நிமிடம் மட்டும் வெப்பமூட்டுங்கள். அடைபட்ட புகைபோக்கியிலிருந்து உள்ளே கசியும் காபன் மோனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை.

ஹாம் ஒருவருக்கு இந்தப் பாதையில் கூடுதலான துணை ஒன்று உண்டு. கைபேசித் தொடர்பு அறுந்துபோகும் இடங்கள் நெடுஞ்சாலை 69இல் இருக்கின்றன. வழியில் உள்ள ரிப்பீற்றர்களின் (சமிக்ஞையை வாங்கி வலுவாக மறுபடி அனுப்பும் நிலையங்களின்) அலைவரிசைகளையும் அவற்றைத் திறக்கும் தொனி எண்களையும் முன்கூட்டியே வானொலியில் பதிந்துகொண்டு, ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். ரிப்பீற்றர் இல்லாத நேரடித் தொடர்புக்கு 146.520 மெகாஹேர்ட்ஸ் இருக்கிறது. 3.755 மெகாஹேர்ட்ஸில் பகலில் கூடும் ஒன்ராறியோ நெற்றில் உங்கள் பயணத்தைச் சொல்லிவிட்டால், நீங்கள் போய்ச் சேர்ந்தீர்களா என்று விசாரிக்க ஆட்கள் இருப்பார்கள். கைவானொலியின் பற்றரி குளிரில் விரைவாகச் சோர்ந்துவிடும் என்பதால் அதை மேலங்கியின் உட்பையில் வைத்திருங்கள். பேச வேண்டுமானால் ஓய்விடத்தில் நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.

காவல்துறை பாதையை மூடிவிட்டால் திரும்பி விடுங்கள். துயரத்தில் இருக்கும் குடும்பத்திற்கு உங்களைப் பற்றிய கவலையையும் கொடுப்பது மரியாதையாகாது. நேரலையில் பார்த்துவிட்டு ஒரு கடிதம் எழுதுவது அப்போது முழுமையான மரியாதைதான்.

கொண்டுசெல்ல வேண்டியவை

கறுப்பு உடையை உறையிலிட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு, குளிருடையில் ஓட்டிச் செல்லுங்கள். பனிச்சேறும் உப்பும் படிந்த காலணிகளுடன் தேவாலயத்திற்குள் நடக்காமலிருக்க, உள்ளே அணிய வேறு காலணி வேண்டும்.

உங்கள் அழைப்புக்குறி பொறித்த பெயர்ச்சின்னத்தைக் கட்டாயம் அணியுங்கள். இறந்தவரின் மனைவிக்கு உங்கள் பெயர் ஒரு அந்நியரின் பெயர்; ஆனால் நிலவறைப் படிக்கட்டின் வழியாக ஆண்டுக்கணக்காக மேலே கேட்டுக்கொண்டிருந்த அழைப்புக்குறி அவருடைய காதுக்குப் பழகியது. விருந்தினர் ஏட்டிலும் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதுங்கள்.

அதோடு உங்கள் வானொலித் தொடர்புப் பதிவேட்டைத் திறந்து, அவருடன் முதன்முதலாகப் பேசிய நாளைக் கண்டுபிடியுங்கள். பதிவேடு உலகப் பொது நேரத்தில் இருப்பதால், ஒன்ராறியோவில் குளிர்கால மாலை 7 மணிக்குப் பின் நடந்த உரையாடல் அடுத்த நாளின் திகதியில் பதிவாகியிருக்கும். குடும்பத்தாருக்குச் சொல்லும்போது உள்ளூர்த் திகதிக்கு மாற்றிச் சொல்லுங்கள். டிசம்பர் 25 என்று பதிவேட்டில் இருப்பது, அவர்கள் வீட்டில் நத்தாருக்கு முந்தைய மாலையாக இருந்திருக்கும், அந்த மாலை அவர்களுக்கு நினைவிலும் இருக்கலாம். அவர் உங்களுக்கு அனுப்பிய க்யூஎஸ்எல் அட்டை (வானொலித் தொடர்பை உறுதிப்படுத்தி அனுப்பும் அட்டை) இருந்தால் அதன் பிரதியை எடுத்துச் சென்று அனுதாப அட்டையுடன் சேர்த்துக் கொடுங்கள். அவருடைய குரலின் ஒலிப்பதிவு உங்களிடம் இருந்தால், இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். கேட்க அவர்கள் ஆயத்தமாகும் நாள் பின்னர் வரலாம்.

சடங்கில்

குடும்பத்தாரிடம் பேசும்போது தொழில்நுட்பச் சொற்கள் வேண்டாம். அவர் எத்தனை நாடுகளைத் தொடர்புகொண்டார் என்ற எண்ணிக்கையைவிட, புதிதாக உரிமம் பெற்று நடுங்கும் குரலில் அழைத்த ஒருவருக்கு அவர் முதலில் பதில் சொன்னார் என்பதோ, 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி கொண்ட இலங்கை நிலையமொன்று மெலிதாகக் கேட்டபோது தான் பேசாமல் விலகி உங்களைப் பேசவைத்தார் என்பதோ அவர்களுக்குக் கூடுதலாக விளங்கும். இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய ஒரே ஒரு நிகழ்வைத் தேர்ந்து வைத்திருங்கள்.

கத்தோலிக்க ஆராதனையானால், நற்கருணை வாங்கும் வேளையில் கத்தோலிக்கர் அல்லாதோர் இருக்கையிலேயே இருந்துவிடலாம்; அதில் குறை காண்பவர் எவருமில்லை. கைவானொலியை அணைத்துவிட்டே உள்ளே செல்லுங்கள்.

சில கழகங்கள் இறுதி அழைப்பு என்ற ஒன்றை நடத்துகின்றன. கழகத்தின் ரிப்பீற்றரில் ஒருவர், தம் அழைப்புக்குறியால் தம்மை அடையாளப்படுத்திய பின், இறந்தவரின் அழைப்புக்குறியை இடைவெளி விட்டு மூன்று முறை அழைப்பார், பதில் வராது, அவர் சைலன்ற் கீ ஆகிவிட்டார் என்று அறிவித்து, அலைவரிசையை விட்டு விலகுவார். இதைக் குடும்பத்தாரின் சம்மதத்துடன் மட்டுமே செய்யவேண்டும். அந்த மூன்று மௌனங்களும் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே அவர்களுக்கு விளக்குங்கள். தேவாலயத்திற்குள் செய்வதைவிட, பின்னர் உணவுக்குக் கூடும் மண்டபத்தில் செய்வது நல்லது. எழுந்து வெளியே போக விரும்புபவர்கள் அங்கே எளிதாகப் போகலாம். அந்நேரம் ரிப்பீற்றரில் வேறெவரும் பேசாதிருக்கும்படி நெற் நடத்துநரிடம் ஒரு நாள் முன்னரே சொல்லிவையுங்கள்.

சாவீட்டில் விடைபெறாமல் கிளம்புவது நம் வழக்கம். இங்கே அப்படிச் செய்யாதீர்கள். தொலைவிலிருந்து பனியில் வந்தவர் சொல்லாமல் மறைந்தால் தேடுவார்கள். மண்டபத்து உணவில் சைவமாகக் கிடைப்பது குறைவு என்பதால் முன்னரே சாப்பிட்டுவிடுங்கள்.

கருவிகளைப் பற்றி

அவருடைய வானொலிப் பெட்டிகளுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று சடங்கு நாளில் கேட்காதீர்கள், எவ்வளவு நல்ல நோக்கத்துடனும் கேட்காதீர்கள். ஆனால் ஒன்றைக் குடும்பத்தில் பொறுப்பான ஒருவரிடம் சொல்லியே ஆகவேண்டும்: வால்வுகள் கொண்ட பெருக்கியினுள் ஆயிரக்கணக்கான வோல்ற் இருக்கும்; மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும். எனவே எவரும் அதைத் திறக்கக்கூடாது. அன்ரெனாக் கோபுரத்தில் பனிக்காலத்தில் எவரும் ஏறவும் கூடாது. விற்க விரும்பினால் விலை சொல்வதற்கு உள்ளூர்க் கழகத்தில் நம்பகமான இருவரின் பெயர்களைக் கொடுத்துவிட்டு, அவசரப்படவேண்டாம் என்று சொல்லுங்கள். பதிவேடுகளையும் க்யூஎஸ்எல் அட்டைகளையும் குப்பையில் போடவேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

திரும்பும் வழி

மண்டபத்திலிருந்து பிற்பகல் 3 மணிக்குக் கிளம்பினால் பிரெஞ்சு ஆற்றைத் தாண்டிச் சற்று நேரத்திலேயே பொழுது மங்கத் தொடங்கும். ஜனவரியில் சூரியன் 5 மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. அந்தப் பாதையில் மூஸ் எனும் பெரிய காட்டுமான் குறுக்கிடுவதுண்டு, அழுது களைத்த கண்கள் இருளில் தாமதமாகவே பார்க்கும். அன்றிரவும் தங்குங்கள். விடுதி அறையில் தலைமுழுகிவிட்டு, உள்ளூர் ஹாம்களுடன் உணவுக்குச் செல்லுங்கள். அவருடைய பழைய கதைகளில் நீங்கள் கேட்டிராதவை அவர்களிடம் இருக்கும்.

புறப்படுமுன் ஒன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வடக்கில் பல மயானங்களில் நிலம் உறைந்திருக்கும் மாதங்களில் அடக்கம் நடப்பதில்லை. பேழையைக் காப்பறையில் வைத்து, வசந்தத்தில் நிலம் இளகிய பின்னரே அடக்கம் செய்கிறார்கள். அந்நாளில் வருபவர்கள் மிகச் சிலரே. அதன் திகதி நிச்சயமானதும் தெரிவிக்கும்படி குடும்பத்தாரிடமோ கழகத்திடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய அன்ரெனாக் கோபுரத்தை இறக்கும் வேலையையும் அதே வாரத்திற்கு வைத்துக்கொண்டால், கயிறு பிடிக்க ரொறன்ரோவிலிருந்து எத்தனை பேர் வருவோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.