கடல் தண்ணியில் காயத்தைக் கழுவுகிறவர்களுக்கு

வலையிலிருந்து நண்டைக் கழற்றும்போது கொடுக்கு கட்டைவிரலைப் பிடித்துவிட்டது, இரத்தம் வருகிறது. தம்பலகாமக் குடாவில் இடுப்பளவு தண்ணியில் நிற்கிற ஆள் அடுத்து என்ன செய்வார்? கையை அப்படியே தண்ணிக்குள் விட்டு அலசிவிட்டு மற்ற நண்டைப் பார்ப்பார். 'உப்புத் தண்ணிதானே, கிருமி செத்துப்போகும்' என்பது என் மச்சானின் வாதம். உயிரியல் படிப்பிக்கிற நானும் அவனோடு போன ஒரு சனிக்கிழமை அதையேதான் செய்தேன், அடுத்த நாள் விரல் வீங்கி மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டி வந்தது.

உப்பு பல கிருமிகளுக்கு ஆகாது, அது சரி. ஆனால் கடலிலும் களப்பிலும் இருக்கிற விப்ரியோ வகைப் பக்டீரியாக்களுக்கு உப்புத்தான் பெற்றோல். அவற்றின் ஒரு முனையில் சவுக்குமுளை இருக்கிறது, பார்வைக்கு வால் மாதிரி, வேலையில் அவுட்போட் எஞ்சின் மாதிரி: அடியில் மோட்டர், வெளியே சுழலும் இழை. தண்ணியிலுள்ள சோடியம் அயன்கள் உள்ளே பாய்கிற வேகத்தில்தான் அந்த மோட்டர் சுற்றுகிறது. நன்றாக ஓடினால் ஒரு செக்கனுக்கு 60 மைக்ரோமீட்டர் வரை போகும், அதாவது ஒரு நிமிடத்தில் மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நகக்கண்ணில் கிழிந்த ஒரு கீறலுக்குள் நுழைய இது தாராளம். குருட்டோட்டமும் இல்லை, தனக்குத் தேவையான சத்து எந்தப் பக்கம் கூடுதலாக இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும்.

ஆகவே முதல் வேலை, தண்ணியை விட்டு வெளியே வாருங்கள். ஒரு போத்தல் கொதித்தாறிய தண்ணி அல்லது குழாய்த் தண்ணியும் ஒரு துண்டு சவர்க்காரமும் வள்ளத்தில் எப்போதும் இருக்கட்டும். காயத்தின் மேல் ஊற்றி ஊற்றி, சவர்க்காரம் போட்டு, ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். வாளிக்குள் கையை ஊறவைப்பது கழுவுவது ஆகாது, தண்ணி ஓட வேண்டும். ஓடு, முள், மணல் ஏதாவது தெரிந்தால் எடுத்துவிட்டு, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கட்டுங்கள். தேயிலைத்தூள், சுண்ணாம்பு, டீசல் எதுவும் வேண்டாம் (டீசல் ஊற்றியவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்).

இதைப் பிறகு வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று விடாதீர்கள், அதற்குக் காரணமும் சவுக்குமுளைதான். விப்ரியோ பரஹீமோலிட்டிகஸ் என்று ஒன்று, இறாலிலும் மட்டியிலும் இருக்கிறது, ஒழுங்காக வேகாததைச் சாப்பிட்டால் வயிற்றோட்டம் தருவதும் அதுவே. நீந்தும்போது அதற்கு ஒற்றைச் சவுக்குமுளை. ஏதாவது ஒரு மேற்பரப்பில் ஒட்டியதும் அந்த இழை சுழல முடியாமல் தடைப்படும், அந்தத் தடையையே அடையாளமாக வைத்து உடம்பைச் சுற்றி இன்னும் நிறையச் சவுக்குமுளைகளை முளைக்கவிட்டு, கூட்டமாக மேற்பரப்பில் ஊர்ந்து பரவத் தொடங்கும். நீந்திக்கொண்டிருக்கிறதை நாம் ஊற்றுகிற தண்ணி அடித்துக்கொண்டு போகும். ஒட்டி ஊர்கிறதை அவ்வளவு லேசில் போக்க முடியாது.

கீறலைவிடக் குத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். மீன்களுக்கு நோய் தரும் விப்ரியோ அங்குயிலாரம் என்ற பக்டீரியாவில் சவுக்குமுளை வேலை செய்யாமல் ஆக்கி, மீன் இருக்கிற தண்ணிக்குள் விட்டுப் பார்த்தார்கள், நோய் உண்டாக்கும் வலு பல நூறு மடங்கு குறைந்தது. அதே பக்டீரியாவை ஊசியால் மீனின் உடம்புக்குள் ஏற்றியபோது வழக்கம்போலவே கொன்றது. வாசலைத் தாண்டத்தான் அதற்கு எஞ்சின் வேண்டும், உள்ளே கொண்டுபோய் விட்டால் வேண்டாம். இறால் கொம்போ கெளிற்று முள்ளோ குத்தினால் நடப்பது அந்த ஊசி வேலைதான். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், இரத்தமும் வராது, நாமும் விட்டுவிடுவோம். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் வைத்தால் கெளிறு, திருக்கை குத்திய கடுப்புக் குறையும், ஆனால் அது விஷத்துக்குத்தான், கிருமிக்கு அல்ல. ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், சிவந்திருக்கிற இடத்தின் ஓரத்தைப் பேனையால் கோடு போட்டு வையுங்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, காய்ச்சல், கருநீலக் கொப்புளம் என்று ஏதாவது வந்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடா போல ஆற்றுத் தண்ணி கலந்த, இளஞ்சூடான உவர்த்தண்ணிதான் விப்ரியோ வல்னிபிகஸுக்குப் பிடித்த இடம். அது ஒரு நாளுக்குள்ளேயே ஆளைக் கவிழ்த்துவிடக்கூடும். ஈரல் வருத்தம், சலரோகம் உள்ளவர்கள் கோடு போட்டுக் காத்திருக்கவே வேண்டாம், நேரே போய்விடுங்கள். போனதும் டொக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது 'களப்புத் தண்ணியில் வெட்டினது' என்பதை, ஏனென்றால் அதை வைத்துத்தான் மருந்து மாறும்.

மச்சானின் வள்ளத்தில் இப்போது காயம் கழுவத் தனிப் போத்தல் இருக்கிறது. மூடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், பத்து மணி வெயிலுக்கு அதையும் யாராவது குடித்துவிடுகிறார்கள், அதனால் இரண்டாகக் கொண்டு போகிறோம்.